ஐஸ்காரர் வீட்டுக் கவுன்சிலர்

நகரசபையின் வரவு செலவுத் திட்டம் புத்தகமாக அச்சாகி வந்திருந்தது. கையில் எடுத்தால் செங்கல் கனம். அதில் ஐஸ் என்ற சொல் எங்கேயும் இல்லை. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அவள் முன்னும் பின்னுமாகப் புரட்டித் தேடிவிட்டாள். தெருவிளக்கு இருந்தது, பூங்கா பெஞ்சு இருந்தது, நாய் பிடிக்கிற வண்டிக்கு டயர் வாங்குவதுகூட இருந்தது. ஐஸ் இல்லை. 'மோட்டார் விசையால் இயங்கும் சிறு தொழிற்கூடங்கள்' என்று ஒரு வரி மட்டும் கண்ணில் பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய ஐஸ் கூடம் அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கியிருந்தது. இதுவரை கட்டிவந்த தொழில் வரி இனி மூன்று மடங்கு.

ஐஸ்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவள் புருஷன்தான். அவருடைய அப்பா காலத்திலிருந்து ஓடுகிற கூடம் அது. தரையோடு தரையாகப் பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் கனமான மரப்பலகை மூடிகள். பலகையைப் பெயர்த்தால் உள்ளே தகர அச்சுகள் வரிசையாகத் தொங்கும். கம்ப்ரசர் ஓட ஓட உப்புத்தண்ணீர் தான் உறையாமல், அச்சுக்குள் இருக்கிற நல்ல தண்ணீரைக் கட்டியாக்கிவிடும். கப்பிச் சங்கிலியில் அச்சைத் தூக்கி, வெறும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால், ஆள் உயரக் கட்டி ஒன்று வழுக்கிக்கொண்டு தரைக்கு வரும். அதைக் கொக்கி போட்டு இழுத்து வண்டியில் ஏற்றினால் மீன் சந்தைக்குப் போய்விடும். கொக்கி ஐஸ்காரர் கையில். இயந்திரம் அவர் தம்பி கையில். கூடத்துக்குப் பின்பக்கம் தம்பி குடும்பம், முன்பக்கம் இவர்கள், நடுவே இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமையலறை. அவளும் ஓரகத்தியும் ஒரே அடுப்பில் சமைத்து, எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

அவள் கவுன்சிலரானது அரசியல் ஆசையால் இல்லை. தண்ணீரால். அந்தத் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போயின. இரண்டும் கிழடு தட்டி, ஒன்றுக்குள் ஒன்று கலந்து, குழாயைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. தையல் இயந்திரத்தில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஒரு வாளி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நகரசபைக்கு நடந்தாள். பின்னாலேயே தெருப் பெண்கள் எல்லோரும் வாளியோடு வந்தார்கள். அடுத்து வந்த தேர்தலில் அவர்களே அவளை நிறுத்தி, அவர்களே ஓட்டுப் போட்டு, அவர்களே ஜெயிக்கவும் வைத்துவிட்டார்கள். "குழாய மாத்திக் குடு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்கள். அவளும் சரி என்று சொல்லியிருந்தாள்.

அந்தக் குழாயும் இதே புத்தகத்தில் இருந்தது. அவளுடைய வட்டத்தின் பெயர் போட்டு, பழைய குழாய்களை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் பதிப்பது என்று அச்சடித்திருந்தார்கள். செலவுக்கு எங்கிருந்து பணம் என்ற கட்டத்தில், தொழில் வரி உயர்வு என்றிருந்தது.

அவள் புத்தகத்தை மூடி மேசையிலேயே வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒளித்து வைக்கிற விஷயமா அது? ஐஸ்காரர் கை விறைத்துப் போய் உள்ளே வந்து, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே வேலை செய்கிறவருக்கு விரல் மடங்காது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பொண்டாட்டி கவுன்சிலர்னா வரி கொறையும்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. இது நல்லா இருக்கே."

"நான் போடலைங்க. இன்னும் ஓட்டுக்கே வரல."

"தெரியும்மா. சும்மா சொன்னேன்." பாத்திரத்தைக் கீழே வைத்தார். "கொழாய மாத்தினா நமக்கும் நல்லதுதான். அந்தத் தண்ணியில ஐஸ் போட முடியாமதான லாரித் தண்ணி வாங்கறோம். ஆனா வரி மூணு மடங்கானா லாரித் தண்ணிக்கு எங்க போக, வரிக்கு எங்க போக?"

அவர் சொன்னதில் பிசகு எதுவும் இல்லை. குழாய் வந்தால் லாரிச் செலவு மிச்சம். ஆனால் குழாய் வந்து சேரும் வரை கூடம் தாக்குப் பிடிக்க வேண்டுமே. ஏற்கனவே ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாகப் பெரிய குளிர்பதனக் கிடங்கு ஒன்று வந்திருந்தது. அங்கே குழல் குழலாக ஐஸ் கொட்டுகிறது. உடைக்க வேண்டாம், அப்படியே அள்ளி மீன் மேல் போடலாம். சந்தையில் பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மீதிப் பேர் ஐஸ்காரரின் முகத்துக்காக இவரிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்தனுக்கு விஷயம் சந்தையில் தெரிந்தது. அன்று மேசையில் ரொட்டியும் மீன் வறுவலும் ஆறிக்கொண்டிருக்க, அவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். பட்டறைக்காரர்கள், ரொட்டிக் கடைக்காரர், அச்சகக்காரர், டயர் கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து நகரசபையில் பேசப் போவதாகவும், தன்னைத்தான் முன்னால் நிற்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னான். அண்ணி எந்தப் பக்கம் என்று எல்லோரும் தன்னைக் கேட்டதையும் சொன்னான். நான் என்ன சொல்லட்டும் என்று மட்டும் அவன் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரகத்தி எழுந்துபோய், தேவையே இல்லாமல் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

மக்கள் கருத்துக் கேட்கிற கூட்டம் நகரசபையின் பெரிய கூடத்தில் நடந்தது. மின்விசிறிகள் சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. கவுன்சிலர்கள் மேடையில், ஜனம் கீழே. தன் வீட்டு ஆட்களைக் கீழே பார்த்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருப்பது அவளுக்கு முள்மேல் இருப்பது போல இருந்தது. ரொட்டிக் கடைக்காரர் எழுந்து, மாவு பிசைகிற மோட்டாருக்கு வரி என்றால், கையால் பிசைந்தால் வரி கிடையாதா என்று கேட்டார். கூடம் சிரித்தது. சபைத் தலைவரும் சிரித்து, உங்கள் கையில் எத்தனை குதிரைத்திறன் என்று அளந்து சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார். அதற்கும் சிரித்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார்.

கொழுந்தன் நன்றாகப் பேசினான். அவனுக்கு இவ்வளவு பேச வரும் என்று அவளுக்கே தெரியாது. சின்னப் பட்டறை எதுவும் லாபத்தில் ஓடவில்லை, பழக்கத்தில் ஓடுகிறது என்றான். வரியைக் கட்டுவதற்குள் ஆளைக் குறைக்க வேண்டும், ஆளைக் குறைத்தால் அந்த ஆள் நாளைக்கு இதே நகரசபை வாசலில் வந்து நிற்பான் என்றான். நெடுஞ்சாலைக் கிடங்குக்கு எவ்வளவு வரி என்று கேட்டான். அதற்குத் தலைவர், அடுத்தவர் பேசலாம் என்றார்.

அப்போது கீழே ஒரு ஓரத்திலிருந்து அவள் தெருவின் மாடிவீட்டக்கா எழுந்தாள். அவளுடைய இளைய பெண் வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தது தெருவுக்கே தெரியும்.

"கடைக்காரங்க கஷ்டம் எங்களுக்கும் புரியுதுங்க. எங்க வீட்டுக் கொழாய்ல ஒரு டம்ளர் பிடிச்சுத் தரேன். இங்க இருக்கறவங்கள்ல யாராவது ஒருத்தர் குடிச்சுக் காட்டுங்க. வரியே வேண்டாம்னு நாங்களே கையெழுத்துப் போட்டுத் தரோம்."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குழந்தையை ராத்திரியோடு ராத்திரியாக ஐஸ் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் கணக்கு அதிகாரியின் அறைக்குப் போனாள். அந்த அம்மாள் ஓய்வு பெறப் போகிற வயது. மேசை முழுக்கக் கோப்பு, மூக்குக் கண்ணாடியின் ஒரு காலுக்கு நூல் சுற்றியிருந்தது. வரியைக் குறைத்துவிட்டுக் குழாயை வைத்துக்கொள்ள முடியாதா என்று அவள் கேட்டாள். அதிகாரி அம்மாள் கோபப்படாமல் விளக்கினார். வருகிற பணத்தில் முக்கால்வாசி சம்பளத்துக்கும் பழைய கடன் வட்டிக்கும் போகிறது. தெருவிளக்கு மின்கட்டணம் பாக்கி. குப்பை வண்டிக்காரர்களுக்குச் சம்பளம் தள்ளித் தள்ளிப் போகிறது. மேலிடத்திலிருந்து வரவேண்டிய பங்கு வரவில்லை.

"எங்க கை வெச்சாலும் ஒருத்தர் கத்துவாங்கம்மா. யார் கத்தினா தாங்கலாம்னு பாத்துதான் கை வெக்கிறாங்க. சின்னக் கடைக்காரங்க கத்துவாங்க, ஆனா ஊரை விட்டுப் போக மாட்டாங்க. போறதுக்கு எடம் இல்ல."

"அந்தக் கெடங்குக்காரங்க?"

"அவங்க போயிடுவோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதனால அவங்களுக்குப் பத்து வருஷம் வரி கெடையாது." சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீங்க ஒரு திருத்தம் கொண்டு வாங்க. பெரிய மோட்டாருக்குப் பெரிய வரி, சின்னதுக்குச் சின்ன வரின்னு. எப்படி எழுதணும்னு நான் சொல்லித் தரேன். ஜெயிக்கும்னு சொல்ல மாட்டேன்."

இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை ஐஸ்காரரிடம் படித்துக் காட்டினாள். அவர் கவனமாகக் கேட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார். திருத்தம் தோற்றுப்போனால் என்ன செய்யட்டும் என்று அவள் கேட்டபோது, கொக்கியின் முனையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அத எங்கிட்ட கேக்காத. கையத் தூக்குன்னு சொன்னா நாளைக்கு நான் என்னையே திட்டிக்கணும். தூக்காதன்னு சொன்னா நீ அந்தப் பொம்பளைங்க மொகத்துல முழிக்கணும். உன் கை. நீயே பாத்துக்க."

ஓட்டெடுப்பு நாளன்று வெளியே கடைக்காரர்கள் கதவடைத்துவிட்டு வந்து நின்றார்கள். இன்னொரு பக்கம் தெருப் பெண்கள் வாளியோடு நின்றார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று பழக்கப்பட்ட மனிதர்கள்தான். ஒருவர் கடையில் ஒருவர் கடன் சொல்லி வாங்குகிறவர்கள். அதனால் கூச்சல் எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கத்தான் பாடுபட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே அவள் படியேறிப் போனாள். இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தால் அந்தப் பக்கம் தப்பாகிவிடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

திருத்தத்தை அவள் வாசித்தாள். மூன்று கைகள் எழுந்தன, அதில் ஒன்று அவளுடையது. தலைவர் அதைக் குறித்துக்கொண்டு, நல்ல யோசனை, அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம் என்றார். பிறகு மொத்தத் திட்டத்துக்கும் ஓட்டு. வரியைத் தனியாகவோ குழாயைத் தனியாகவோ ஏற்க முடியாது. புத்தகம் முழுக்க ஒரே கைதான். அவளுக்கு மாடிவீட்டக்காவின் பெண் நினைவுக்கு வந்தாள். குச்சி மாதிரி இருந்த அந்தக் கால்கள். புருஷனின் மடங்காத விரல்களும் நினைவுக்கு வந்தன. எதை நினைத்தும் மனசு ஒரு பக்கமாகச் சாயவில்லை. கடைசியில், எதற்காகத் தன்னை இங்கே அனுப்பினார்களோ அதற்குத்தான் கை என்று தோன்றியது. தூக்கினாள்.

சுற்றிலும் பார்த்தால் ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே இருந்தன. அவளுடைய கை இல்லாமலே நிறைவேறியிருக்கும்.

மறுநாள் செய்தித்தாளில் தலைவர் சொன்னது வந்திருந்தது. 'சொந்தமாகத் தொழிற்கூடம் வைத்திருக்கும் கவுன்சிலர் குடும்பமே வரியை வரவேற்கிறது.' கொழுந்தன் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"உங்க கை இல்லன்னாலும் அது ஜெயிச்சிருக்கும், அண்ணி. அப்புறம் எதுக்குத் தூக்கினீங்க?"

"தம்பி, கொழாய் வரணும்ல."

"அதுவும் உங்க கை இல்லாமயே வந்திருக்கும். சந்தையில நான் தல நிமிர்ந்து நடந்திருப்பேன். அவ்வளவுதான்."

ஐஸ்காரர் தம்பிக்கு டீயை நகர்த்தி வைத்தார். அவன் குடிக்கவில்லை.

கோடை முடிவதற்குள் அவன் கிடங்கில் இயந்திரம் ஓட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பக்கமே வீடும் பார்த்துவிட்டான். அங்கே நல்ல சம்பளம், ஆளுக்குக் குளிர் உடுப்பு, கையுறை எல்லாம் உண்டாம். போகும்போது அண்ணன் காலைத் தொட வந்தவனை அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, இயந்திரத்தின் எந்தத் திருகு ஒழுகும், எதை எப்போது இறுக்க வேண்டும் என்று திரும்ப ஒருமுறை கேட்டுக்கொண்டார். ஓரகத்தி சமையலறையிலிருந்து தன் பாத்திரங்களை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டாள். எது யாருடையது என்று இத்தனை வருஷத்தில் இருவருமே மறந்திருந்தார்கள். ஒரு பெரிய வாணலியை அவள் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, நீங்களே வெச்சுக்குங்க என்று போட்டுவிட்டுப் போனாள். கவுன்சிலரம்மா அந்த வாணலியில் அதற்கப்புறம் சமைக்கவில்லை.

குழாய் வேலை ஆரம்பித்தது உண்மைதான். ஒரு காலையில் மண்வாரி இயந்திரம் வந்து தெருவை நடுவகிடு எடுத்தாற்போலத் தோண்டிக்கொண்டே போனது. பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். மாடிவீட்டக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். பழைய குழாயைத் துண்டு துண்டாக எடுத்துப் போட்டார்கள். புதுக் குழாய் வரும் வரை லாரியில் தண்ணீர் தருவதாகச் சொன்னார்கள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் நிரம்பியது. மழை விட்ட பிறகும் இயந்திரம் வரவில்லை.

அவள் மறுபடி கணக்கு அதிகாரியிடம் போனாள். பெரிய நீரேற்று நிலையத்தில் பம்பு எரிந்து ஊரே தண்ணீரில்லாமல் நின்றதால், குழாய்ப் பணத்தை அதற்குத் திருப்பிவிட்டார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். வரி இதற்கென்று சொல்லித்தானே வாங்கினீர்கள் என்று அவள் கேட்டாள்.

"எதுக்குன்னு சொல்லி வாங்கினாலும் எல்லாம் ஒரே பெட்டியிலதான்மா விழுது. எடுக்கும்போது எந்த நோட்டு யார் குடுத்ததுன்னு யாரும் பாக்கறதில்ல." அந்த அம்மாள் மேசையில் கிடந்த கோப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வாரத்தோடு அவருக்கு ஓய்வு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேனா என்று கேட்டார். இல்லை என்றாள் இவள். வேறென்ன சொல்வது? பம்பு எரிந்தது பொய்யில்லை. ஊர் தண்ணீரில்லாமல் நின்றதும் பொய்யில்லை. கோபத்தை எடுத்துக்கொண்டு போய் எந்த வாசலில் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

தெருவில் இப்போது கெட்ட தண்ணீரும் இல்லை. பள்ளத்தின்மேல் ஆளாளுக்குப் பலகை போட்டு வீட்டுக்குள் போய் வந்தார்கள். தண்ணீர் லாரி அந்தப் பள்ளத்தைத் தாண்டி வர முடியாமல் தெருமுனையிலேயே நின்றது. ஐஸ்காரரின் கூடத்துக்கு வருகிற லாரிக்கும் அதே கதிதான். முனையிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீர் ஏற்றினார். பிறகு வண்டியும் வாசலுக்கு வர முடியாமல், கட்டிகளை ஒவ்வொன்றாகப் பலகைமேல் இழுத்துக்கொண்டு போய் ஏற்றினார்கள். முனைக்குப் போவதற்குள் கட்டி கரைந்து இளைத்திருக்கும். கூடத்தில் இருந்த இரண்டு வேலையாட்களில் ஒருவர் வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டு வேலையை விட்டு நின்றுகொண்டார். மற்றவரை ஐஸ்காரரே, வேறெங்காவது பாரு என்று அனுப்பிவிட்டார். முதல் தவணை வரியை அவள் தையல் இயந்திரத்தை விற்றுக் கட்டினாள். கவுன்சிலரே பாக்கி வைத்தால் பதவிக்கு ஆபத்து என்று நோட்டீஸில் இருந்தது. இரண்டாவது தவணைக்கு விற்க எதுவும் இல்லை, கூடத்தைத் தவிர.

விற்றார்கள். உப்புத்தண்ணீரைத் திறந்துவிட்டதும் தொட்டியின் அடியில் கிடந்த துருவும் சேறும் தெரிந்தன. தகர அச்சுகளை எடைக்குப் போட்டார்கள். கம்ப்ரசரை வாங்க வந்த பழைய இரும்புக்காரர், இதையெல்லாம் இப்ப யார் வெச்சிருக்கா என்று காலால் தட்டிப் பார்த்தார். ஐஸ்காரர் அதற்கும் சிரித்தார். நல்லா ஓடின மிஷினுங்க, கொஞ்சம் மெதுவா எறக்குங்க என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. காலையில் வழக்கம்போல இருட்டோடு எழுந்துவிடுவார். எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் வாசல் கூட்டுவார், டீ போடுவார். அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னறையில் நாற்காலி எடுத்துப் போடுவார். கவுன்சிலர் என்றால் காலையில் ஜனம் வரத்தானே செய்யும்? முன்னே வாளியோடு வந்தவர்கள் இப்போது பள்ளத்தைப் பற்றிக் கேட்க வந்தார்கள், சிலர் கேட்பதைவிடத் திட்டத்தான் வந்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிறவர், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று வருகிறவர் எல்லோருக்கும் அவரே டீ கொடுத்து, "அம்மா வந்துருவாங்க, உக்காருங்க" என்பார். மாடிவீட்டக்கா மட்டும் வருவதில்லை. பள்ளத்தைத் தாண்டிப் போகும்போது இந்தப் பக்கம் பார்க்காமல் போவாள்.

அப்படி ஒரு காலை. அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சொல்வதைக் கேட்டு, தாளில் எழுதிக்கொண்டாள். என்ன சொல்கிறார்கள் என்பது பழகிவிட்டது. தான் என்ன சொல்லப்போகிறோம் என்பதும் பழகிவிட்டது. எழுதித் தரேன், பாக்கறேன், கூட்டத்துல பேசறேன். கடைசியாக வந்த கிழவரையும் வாசல் வரை விட்டுவிட்டுத் திரும்பினால், சுவரோரக் கடைசி நாற்காலியில் ஐஸ்காரர் உட்கார்ந்திருந்தார். தோய்த்த சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். கால் வலித்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து அவள் உள்ளே போகப் பார்த்தாள். அவர் எழுந்து அவளுடைய மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீரேத்து நெலையத்துல பம்பு ஓட்ட ஆள் எடுக்கறாங்களாம். சந்தையில பேசிக்கிட்டாங்க. எனக்கு மிஷின் பழக்கம் உண்டு. ஒரு சிபாரிசு எழுதித் தர முடியுங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் மடிமேல் வைத்து, மற்றவர்கள் உட்காருகிற மாதிரியே நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

சந்தைப் பேச்சு அது. ஆள் யாரையும் எடுக்கவில்லை. செலவைக் குறைப்பதற்காக இந்த ஆண்டு நகரசபையில் புதிதாக ஆள் வைப்பதில்லை என்று அதே புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் அன்றைக்கு அவள் கை தூக்கியிருந்தாள்.

அதை அவரிடம் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். பெயர் எழுதினாள். அதற்குக் கேட்கத் தேவையில்லை. விலாசம் எழுதினாள். பிறகு, மற்ற எல்லோரிடமும் கேட்பதைப் போலவே தலை நிமிராமல் கேட்டாள்.

"வயசு?"

அவர் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.